யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கொம்பியூட்டர் தொடங்குகிறவருக்கு

கொம்பியூட்டர் பழக வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எந்த வேலை முடிய வேண்டும்? "எல்லாம் பழக வேணும்" என்று பதில் வந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். அப்படித் தொடங்குகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். "பிரதேச சபைக்கு ஒரு கடிதம் தமிழில் அடிக்க வேணும்", "கடைக் கணக்கைக் கொப்பியிலிருந்து மாற்ற வேணும்", "அம்மாவின் காணி உறுதியைப் படியெடுத்து வைக்க வேணும்" என்று சொல்கிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். ஒரு வேலை கையில் இருந்தால் மௌஸும் கீபோர்டும் அந்த வேலையோடு சேர்ந்தே பழகிவிடும்.

கைபேசி பாவிக்கத் தெரியும், வட்ஸ்அப்பில் படம் அனுப்பத் தெரியும், ஆனால் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து ஒரு வேலை முடித்ததில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம், ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியராகவும் இருக்கலாம். கணினியின் வரலாறு, அதன் பாகங்களின் பெயர்கள் எல்லாம் பரீட்சைக்கு உதவும். கடிதம் அடிக்க அவை தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதற்படி: என்ன வாங்குவது

வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் லப்டொப்தான் நல்லது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடும், இடத்தை அடைக்காது. புதிதாக வாங்க வசதியில்லை என்றால் பாவித்தது வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நகரில் ஸ்டான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரியிலும் கடைகள் இருக்கின்றன. எந்தக் கடையானாலும் ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் வேண்டும்.

கடைக்காரர் "ஐ5 மெஷின், நல்ல சாமான்" என்பார். ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் புரொசசருக்கு, அதாவது மெஷினின் மூளைக்கு வைத்த பெயர். அந்தப் பெயர் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. இந்த ஒரு இலக்க வித்தியாசம் பெரிது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் மெஷின் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் ஏன் மலிவு என்பது இப்போது விளங்கும். அப்படி ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் எறிய வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போட்டால் கடிதம், கணக்கு, இணையம் எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் புதிதாகக் காசு கொடுத்து அதை வாங்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக: ரேம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்) 8 ஜி.பி., சேமிப்பு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு) இருந்தால் தாராளம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் வேண்டாம். திறப்பதற்கே பொறுமை போய்விடும், புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே அலுப்பைத் தரும்.

பாவித்ததை வாங்கும்போது கடையிலேயே இருந்து சோதித்துப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஒரு வீடியோ ஓட விடுங்கள். பற்றரி நூறிலிருந்து நாற்பதுக்கு இறங்கினால் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள். நோட்பேட் திறந்து கீபோர்டில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் ஒருமுறை தட்டுங்கள். மூடியைப் பலமுறை திறந்து மூடிப் பிணைச்சல் இறுக்கமா என்று பாருங்கள். கமரா, ஸ்பீக்கர், யு.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றையும் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

கரண்டும் இடமும்

எங்களுக்கு வருவது 230 வோல்ட். லப்டொப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும், அது சார்ஜரிலேயே அச்சடித்திருக்கும். பிரச்சினை பிளக்கில்தான். பழைய வீடுகளில் உருண்டைத் துளை, புதிய வீடுகளில் 13 அம்பியர் சதுரத் துளை. இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளைக்குள் பேனா மூடியைக் குத்தித் திறக்கும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். சரியான அடாப்டர் ஒன்று வாங்கினால் முடிந்தது. மூன்று கால் பிளக்கின் எர்த் காலை முறிப்பதும் கூடாது.

ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள், ரவுட்டரையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மேசைக் கொம்பியூட்டர் வைத்திருக்கிறவருக்கு யு.பி.எஸ்., அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் பற்றரிப் பெட்டி, கட்டாயம் வேண்டும். 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கரண்ட் சட்டென்று போகும்போது இழப்பது அடித்து முடித்த வேலையைத்தான்.

லப்டொப்பைக் கட்டில் மெத்தையில் வைத்து வேலை செய்யாதீர்கள். கீழே காற்று போகும் துளைகள் அடைபட்டு, எங்கள் வெக்கையில் மெஷின் சூடேறிவிடும். மேசை, கதிரை, வெளிச்சம். இவ்வளவும் போதும்.

முதல் வாரம்

முதல் வாரத்தில் மூன்று பழக்கம் கைக்கு வந்தால் போதும். மௌஸை எடுத்தால் இடது கிளிக் தெரிவு செய்ய, வலது கிளிக் "இதை வைத்து என்னென்ன செய்யலாம்" என்று கேட்க. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வலது கிளிக் செய்து பாருங்கள். பிழையாக ஏதாவது செய்துவிட்டால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இசட்டைத் தட்டுங்கள், செய்தது திரும்பிவிடும். அழிந்துவிடும், பழுதாகிவிடும் என்ற பயம் பெரியவர்களுக்கு நிறைய உண்டு. கண்ட்ரோல் இசட் தெரிந்த பிறகு அந்தப் பயம் பாதி போய்விடுகிறது.

மூன்றாவது, சேமிப்பது. கண்ட்ரோலும் எஸ்ஸும். ஒரு பந்தி அடித்தால் ஒருமுறை, எழும்பிப் போவதற்கு முன் ஒருமுறை. சேமிக்கும்போது பெயர் கேட்கும். அந்த இடத்தில்தான் பலர் "கடிதம்", "கடிதம்2", "கடிதம் கடைசி", "கடிதம் உண்மையான கடைசி" என்று வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடி அலைகிறார்கள். திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் முன்னுக்குப் போடுங்கள்: "2026-02-14 பிரதேச சபை வடிகால் கடிதம்". இப்படி வைத்தால் பைல்கள் தாமாகவே கால ஒழுங்கில் அடுக்கப்படும். வீடு, தொழில், பிள்ளைகள் படிப்பு, காணி என்று நாலைந்து போல்டர் திறந்து அந்தந்தப் பைலை அதற்குள் போடுங்கள். எல்லாவற்றையும் டெஸ்க்டொப்பில் பரப்ப வேண்டாம்.

தமிழில் அடிப்பது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் கொம்பியூட்டர் பழகியவர்களிலேயே நிறையப் பேர் தமிழில் அடிக்கத் தெரியாமல், ஒரு பக்கக் கடிதத்துக்கும் கடைக்குப் போய்க் காசு கொடுக்கிறார்கள். தமிழ் படித்தவர் தன் கடிதத்தைத் தானே அடிக்க முடியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு கிழமை பழகினால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

முதலில் யூனிகோட் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் நிலையான இலக்கம் கொடுத்திருக்கும் முறை அது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பிடித்துவிட்டது. யூனிகோடில் அடித்த தமிழை கைபேசியில் அனுப்பலாம், கூகுளில் தேடலாம், கனடாவில் இருக்கும் தங்கச்சியின் மெஷினிலும் அப்படியே வாசிக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் வேறு வழியில் போனவை. அவற்றில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிவது மட்டும் தமிழ். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் முற்றுப்புள்ளியும் கலந்து பொருளில்லாத வரிகளாக வந்து நிற்கும். அச்சகங்களில் கலியாணக் கார்ட், அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலர் எல்லாம் நெடுங்காலம் பாமினியில்தான் நடந்தன. இன்னும் பல இடங்களில் நடக்கின்றன. அந்த மலருக்காக நீங்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பை அச்சகம் பைலாகத் தந்தால், அது பாமினியா யூனிகோடா என்று கேட்டு வாங்குங்கள். பாமினி என்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துப் பேரப்பிள்ளை திறந்தாலும் வாசிக்க வேண்டும் அல்லவா?

சரி, விண்டோஸில் தமிழைச் சேர்ப்பது இப்படி. செட்டிங்ஸைத் திறந்து நேரமும் மொழியும் என்ற பகுதிக்குப் போங்கள். அதில் மொழியும் பிராந்தியமும். மொழியைச் சேர் என்பதை அழுத்தி, தமிழ் என்று தேடித் தெரிவு செய்யுங்கள். சேர்ந்த பிறகு அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் கீபோர்டைத் தெரிவு செய்யும் இடம் வரும். அதன்பின் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு நீளமான ஸ்பேஸ் விசையைத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறும். திரையின் வலது பக்க அடியில் எந்த மொழி என்று காட்டும். தமிழ் வரவில்லை என்று முறையிடுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த மூலையைப் பார்க்காதவர்கள்.

எந்தக் கீபோர்ட் பழகுவது என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஒலிப்பு முறை என்றால் ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று தட்ட அது தமிழாக மாறும். வட்ஸ்அப்பில் அப்படி எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு உடனே வரும். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கை பழகிய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை சுலபம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. யாழ்ப்பாணம் என்றால் ய, ஆ, ழ, புள்ளி, ப, ப, ஆ, ண, ம, புள்ளி. ந்த, ங்க, ண்ட, ம்ப போன்ற இணைகளுக்கும் புள்ளி தானாக வரும். தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே தட்டலாம், நடுவில் ஆங்கிலம் வராது. தினமும் அரை மணித்தியாலம், உங்கள் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் அடித்துப் பழகுங்கள். மூன்றாவது கிழமையில் பார்க்காமல் கை போகும்.

கண் மங்கியவர்கள், கைவிரல் வலி உள்ளவர்கள் குரோமில் கூகுள் டொக்ஸ் திறந்து, குரல் தட்டச்சில் தமிழைத் தெரிவு செய்து பேசலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே கொட்டினால் பிழை கூடும். எழுத்து நடையில் நிதானமாகச் சொன்னால் வியக்கும்படி எழுதும். பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்த வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது.

முதற்கடிதம்

கடிதம் அடிக்கும் மென்பொருளான வேர்ட் வாங்கக் காசில்லை என்றால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம், முறையான வழியில் இறக்கலாம். களவாக உடைத்த மென்பொருளைக் கடையில் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைரஸ் பலருக்கு அந்த வழியால்தான் வருகிறது.

கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், திகதி, பொருள், உடல், ஒப்பம் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அதே அமைப்புத்தான். எழுத்தின் அளவு 12, தாள் ஏ4. முடித்ததும் பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். பிரிண்ட் கடைக்குக் கொண்டு போவது பி.டி.எஃப். ஆக இருந்தால் அங்கே எழுத்துரு மாறி வரி குலைவது நடக்காது. பென் டிரைவில் கொண்டு போய் வந்தால், வீட்டில் திறக்கும் முன் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். ஜிமெயிலில் உங்களுக்கே அனுப்பிவிட்டுக் கடையில் திறந்தால், வெளியேறிய பிறகுதான் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

கணக்கு

எங்கள் ஒழுங்கையில் கறித்தூள் வறுத்து விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் பக்குவமாக வறுத்து அரைத்துக் கொழும்புக்கும் அனுப்புகிறார். கணக்கு முழுக்க சி.ஆர். கொப்பியில். "தம்பி, கூட்டுறதுக்கே ஒரு பின்னேரம் போயிடுது. யார் காசு தர வேணும் எண்டதும் பிடிபடுதில்லை" என்றார். அவருக்குச் செய்துகொடுத்ததை அப்படியே சொல்கிறேன். கோழிப்பண்ணைக்கும் தையலுக்கும் ரியூசன் வகுப்புக்கும் அதே முறை பொருந்தும்.

கணக்குத் தாள் மென்பொருளான எக்செல் அல்லது லிப்ரே ஒஃபிஸ் கல்க்கில் ஒரு புதிய தாள் திறந்தோம். முதல் வரியில் தலைப்புகள்: திகதி, யாருக்கு, கிலோ, ஒரு கிலோ விலை, மொத்தம், தந்த காசு, மிச்சம். ஒரு விற்பனைக்கு ஒரு வரி. மொத்தம் என்ற கட்டத்தில் இலக்கத்தை அடிக்காமல், சமன் குறியைப் போட்டு, கிலோ கட்டத்தைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறியைப் போட்டு, விலைக் கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டினார். பெருக்கல் விடை வந்தது. மிச்சம் என்ற கட்டத்தில் அதேபோல மொத்தத்திலிருந்து தந்த காசைக் கழித்தார். ஒரு கட்டத்தைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். மொத்தம், மிச்சம் இரண்டிலும் அதைப் பிடித்துக் கீழே இழுத்தபோது எல்லா வரிக்கும் விடைகள் விழுந்தன. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார். அதுதான் சரியான பழக்கம். முதல் மாதம் கொப்பியும் மெஷினும் இரண்டும் ஓட வேண்டும், இரண்டும் ஒத்து வந்த பிறகு கொப்பியை விடலாம்.

இரண்டு இடத்தில் எல்லாரும் தடக்குப்படுவார்கள். ஒன்று, கிலோ கட்டத்தில் "2 கிலோ" என்று எழுதுவது. மெஷினுக்கு அது எழுத்து, இலக்கமல்ல, ஆகவே பெருக்காது. வெறும் 2 என்று போடுங்கள், கிலோ என்பது தலைப்பில் இருக்கிறது. அரைக் கிலோ என்றால் 0.5. மற்றது திகதி. மெஷின் அமெரிக்க முறையில் இருந்தால் நீங்கள் போட்ட ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். செட்டிங்ஸில் பிராந்திய வடிவம் என்பதை நாள் முன்னுக்கு வரும் இலங்கை முறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பிறகு தலைப்பு வரியைத் தெரிவு செய்து, வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் பில்டரைப் போடுங்கள். "மிச்சம்" என்ற தலைப்பின் அம்புக்குறியை அழுத்திப் பூச்சியத்தை நீக்கினால், காசு தர வேண்டியவர்கள் மட்டும் திரையில் நிற்பார்கள். ஆளின் பெயரை எப்போதும் ஒரே மாதிரி எழுதுவது இங்கே முக்கியம். "கொழும்பு மாமி" என்று ஒருநாளும் "மாமி கொழும்பு" என்று இன்னொரு நாளும் எழுதினால் மெஷின் இரண்டு ஆட்களாகத்தான் எடுக்கும்.

உறுதியும் பத்திரங்களும்

கொம்பியூட்டரை வேறு எதற்கும் பாவிக்காவிட்டாலும் இதற்காகவாவது பாவியுங்கள். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் இன்னொரு பிரதி எங்கேயும் இல்லாத ஏடுகளும் இருந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தபோது உறுதிப் பெட்டியைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போன வீடுகள் எத்தனையோ. ஒரே ஒரு பிரதி என்பது எவ்வளவு ஆபத்தானது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் எண்ணிமமாக்கி யாரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. ஊருக்கு அது செய்வதை ஒவ்வொரு வீடும் தன் பத்திரங்களுக்குச் செய்யலாம்.

எடுக்க வேண்டியவை: காணி உறுதிகள், பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறுகள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பழைய குடும்பப் படங்கள். ஸ்கேனர் இருந்தால் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) போதும், பழைய சிறிய படங்களுக்கு 600 வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் கைபேசியில் கூகுள் ட்ரைவ் செயலியைத் திறந்து அதிலுள்ள ஸ்கேன் வசதியைப் பாவியுங்கள். அது ஓரத்தை வெட்டி, நேராக்கி, பி.டி.எஃப். ஆக்கித் தரும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, தாளின் மேல் உங்கள் நிழல் விழாதபடி எடுங்கள். பழைய உறுதி மடிப்பில் கிழிந்திருந்தால் டேப் ஒட்டி நேராக்க முயல வேண்டாம். கண்ணாடித் தட்டொன்றை மேலே மெல்ல வைத்து எடுக்கலாம், பளபளப்பு விழாத கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதியை எடுத்த பிறகு அதன் பைல் பெயரிலோ, பக்கத்தில் ஒரு சிறு குறிப்பிலோ உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி, பதிவுத் தொகுதியும் பக்கமும் ஆகியவற்றைத் தட்டி வையுங்கள். சட்டத்துக்கு முன்னால் ஸ்கேன் மூலப் பத்திரம் ஆகாது. ஆனால் மூலம் தொலைந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்க இந்த விபரங்கள்தான் கைகொடுக்கும். விபரம் இல்லாமல் போய்த் தேடுவது பெரும் அலைச்சல்.

இனி வைக்கும் இடம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதைத் தொழில் செய்கிறவர்கள் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள். மெஷினில் ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, அதை அலுமாரியில் துணிக்குள் இல்லாமல் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். மூன்றாவது கூகுள் ட்ரைவில், அங்கே 15 ஜி.பி. வரை இலவசம், பத்திரங்களுக்கு அது தாராளம். இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவிடமோ அக்காவிடமோ ஒரு பிரதி. பென் டிரைவை நம்பி இருக்காதீர்கள், அது கொண்டு போவதற்கு, பாதுகாப்பதற்கு அல்ல. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கல் விடுமுறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளி டிஸ்க்கைச் செருகிச் சில பைல்களைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா என்று பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் எடுக்க முடியாது.

மின்னஞ்சலும் பாஸ்வேர்டும்

ஜிமெயில் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கைபேசி இலக்கத்தில் இருக்க வேண்டும். மகன் திறந்து தந்த கணக்கு, அவரது இலக்கத்தில், அவர் லண்டன் போய்விட்டார் என்ற நிலைமை வர விடாதீர்கள். பாஸ்வேர்ட் நீளமாக இருந்தால் போதும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம். மறந்துவிடும் என்றால் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பூட்டி வைப்பதில் தவறில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதுதான் தவறு. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை, அதாவது உள்ளே போக இன்னொரு சான்றும் கேட்கும் வசதியை, ஜிமெயிலிலும் வட்ஸ்அப்பிலும் கட்டாயம் போடுங்கள்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் கூகுள் மொழிபெயர்ப்பில் கமராவைக் காட்டினால் தமிழில் ஓரளவுக்குச் சொல்லும். விஷயம் என்ன என்று விளங்க அது போதும். ஒப்பமிட அது போதாது. வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. அரச அலுவலகத்திடம் தமிழில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று தெரியாவிட்டால் 1919க்கு அழைத்துத் தமிழிலேயே கேளுங்கள், அது அரசாங்கத் தகவல் நிலையம்.

ஏமாற்றுக்காரர்கள்

இதைப் படித்துவிட்டு வீட்டில் வயதானவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வங்கி, தபால் திணைக்களம், தொலைபேசி நிறுவனம் எதுவானாலும் உங்கள் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கத்தைக் கேட்காது. கேட்கிறவர் எவ்வளவு மரியாதையாக "அம்மா" என்று பேசினாலும் கள்ளன்தான். "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கு, முகவரி பிழை, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். "உங்கள் மெஷினில் வைரஸ், நாங்கள் திருத்தித் தருகிறோம்" என்று சொல்லி தூரத்திலிருந்து உங்கள் மெஷினை இயக்க விடும் எனி டெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள்.

எங்கள் ஊருக்கென்றே பொருத்தமான ஒரு வலை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் வட்ஸ்அப்பைப் பிடித்துக்கொண்டு, அவரைப் போலவே எழுதி, "அவசரம், இந்தக் கணக்குக்குக் காசு போட்டு விடுங்கோ, நாளைக்கு அனுப்பிறன்" என்பார்கள். அதே ஆள் உங்களிடம் "தவறுதலாக ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும், அதை அனுப்புங்கோ" என்றும் கேட்கலாம். அனுப்பினால் அடுத்தது உங்கள் வட்ஸ்அப். காசு என்ற சொல் வந்தவுடன் எழுத்தை விட்டுவிட்டு அவரது பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள். அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், உங்கள் அம்மம்மாவின் வீட்டு நாயின் பெயர் போல.

மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் வங்கியின் இருபத்துநாலு மணித்தியால இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அந்த இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், இன்றே கொப்பியிலும் எழுதி வையுங்கள். அடுத்தது ஜிமெயில் பாஸ்வேர்டை வேறு மெஷினிலிருந்து மாற்றுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். கணினிக் குற்றங்களுக்கென்றே 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஸ்ரீலங்கா சேர்ட் என்ற அரச அமைப்பிடமும் அறிவிக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை என்று வரும் விளம்பரங்களும் இந்தப் பட்டியலில்தான். வேலை தருகிறவர் உங்களிடம் முன்பணம் கேட்டால் அது வேலையல்ல.

அடுத்த மாதம்

கடிதம் ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, பத்திரப் போல்டர் ஒன்று. இந்த மூன்றும் கையில் இருந்தால் நீங்கள் கொம்பியூட்டர் தெரிந்தவர்தான். இதற்குமேல் தொழிலாக எடுக்க விரும்புகிற பிள்ளைகள் ஒரு வகுப்பில் சேரலாம். அங்கே கவனம் வேண்டும். வீதி முழுக்கப் பதாகை தொங்குகிறது, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பில்லை. என்.வி.கியு. என்ற தேசிய தொழில் தகைமை கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்று முதலில் கேளுங்கள். "நாங்கள் பதிந்திருக்கிறோம்" என்று வாயால் சொன்னால் போதாது. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையத்தின் பதிவு இலக்கத்தையும், நீங்கள் சேரப்போகும் பாடநெறி அங்கீகாரம் பெற்றதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஆணைக்குழுவின் இணையத் தளத்தில் நீங்களே தேடிப் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.